அறுவைச் சிகிச்சையும் ஊட்டமும்: இரத்தச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவித் துணைக்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற பின்னர், எங்கள் துணைக்குழுவிற்குச் சிறிது நேரம் ஒதுக்கித் தந்த நிர்வாகத்திற்கு நன்றி. 'மருத்துவ உதவி' என்ற தலைப்பின்கீழ் ஒரே வரியில் அடங்கிவிட்ட தொகையைக் கேட்டீர்கள். அத்தொகை நம் வீடுகளிலிருந்து உண்டியல் வழியாகவும் சந்தா வழியாகவும் வந்தது. கடந்த காலங்களில் அதில் ஒரு பகுதியை, உரிய கேள்வியைக் கேட்காமலேயே நாங்கள் வழங்கியிருக்கிறோம். அதனை ஒளிக்காமல் எடுத்துரைத்து, இனி அவ்வாறு நேராதிருக்க ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

நாங்கள் கேட்க மறந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவருக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. பத்து நாட்கள் கழித்து அவருடைய மகன் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றுடன் எங்களிடம் வந்தார். அதில் ஆல்புமின் 2.4 என்று இருந்தது. சத்து குறைந்துவிட்டது என்றும், ஆல்புமின் மருந்துப் புட்டிகள் ஏற்ற வேண்டும் என்றும், ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் என்றும் கூறினார். நாங்கள் மருந்துக்கடை ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பணத்தை வழங்கினோம். போதாததற்கு மகன் நகையை அடகு வைத்தார். மறுநாள் சீட்டில் எண் சற்று உயர்ந்திருந்தது. இரண்டொரு நாட்களில் மீண்டும் இறங்கியது. தையல் போட்ட இடமோ கூடவில்லை.

நலம் விசாரிக்கச் சென்றபோதுதான் எங்களில் ஒருவர், "அத்தாவுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கத்தி வைத்த உடம்பு என்பதால் முட்டை, மீன், கறி அனைத்தையும் விலக்கி, மூன்று வாரங்களாகக் கஞ்சித் தண்ணீரும் பன்னும் பார்லித் தண்ணீருமே கொடுத்து வருவதாக வீட்டார் கூறினர். மருத்துவமனையில் சேர்த்த அன்று எழுதிய எடை 49 கிலோ. ஆறு மாதத்திற்கு முன் சர்க்கரைக்காகப் பார்த்த பழைய சீட்டில் 62 கிலோ. அந்தப் பழைய சீட்டு வீட்டு அலமாரியில் இருந்தது. மருத்துவர் கண்டது 49ஐ மட்டுமே. 62ஐ அறிந்திருந்தவர்கள் வீட்டார். அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னர் ஊட்டச்சத்து ஆலோசகரின் வழிகாட்டுதலில் உணவு மாற்றப்பட்டது. தொற்றுக்கும் முறையான சிகிச்சை நடந்தது. நான்கு மாதங்களுக்குப் பிறகு அப்பெரியவர் ஜும்ஆவுக்கு நடந்தே வந்தார். அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் இவ்விஷயத்தைத் தெரிந்துகொள்ள முற்பட்டோம்.

ஆல்புமின் என்பது யாது?

நம் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்துள்ள புரதங்களுள் மிகுதியானது ஆல்புமின். இதனைக் கல்லீரல் உருவாக்குகிறது. இரத்தக் குழாய்களினுள் நீரைத் தக்கவைப்பதும், பல மருந்துகளையும் சத்துகளையும் சுமந்து செல்வதும் இதன் பணிகள். ஒரு டெசிலிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை இருப்பது இயல்பு.

உணவில் புரதம் குறைந்தால் கல்லீரலுக்கு மூலப்பொருள் குறையும். ஆகவே ஆல்புமின் குறைந்தால் உணவு குறைந்தது என்று பொருள் என மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், நகர மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளில் பாதிப் பேர் அளவிற்குப் புரத ஊட்டக் குறைவு இருப்பதாக எழுதியபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட அளவைகளுள் ஆல்புமினும் ஒன்று. அதன் பின்னர் உலகெங்கும் அறுவைக்கு முன் ஆல்புமின் பார்ப்பது வழக்கமாயிற்று.

அது வீணான பரிசோதனை அன்று. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 44 மருத்துவமனைகளில் 54,000க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இது: ஆல்புமின் 4.6க்கு மேல் இருந்தவர்களில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, 2.1க்குக் கீழ் இருந்தவர்களிலோ நூற்றுக்கு 29 பேர். ஆகவே குறைந்த ஆல்புமின் ஓர் அபாய அறிவிப்பு என்பதில் ஐயமில்லை. அபாயம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

எண் இறங்குவது ஏன்?

உடலில் கிருமித்தொற்று, பெருங்காயம், புற்றுநோய், பெரிய அறுவை போன்றவை நேரும்போது அழற்சி உண்டாகிறது. அவ்வேளையில் கல்லீரல் தன் வேலையை மாற்றிக்கொண்டு, 'சி.ஆர்.பி.' போன்ற தற்காப்புப் புரதங்களை மிகுதியாக உருவாக்கி, ஆல்புமினைக் குறைத்துவிடுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, உள்ளிருக்கும் ஆல்புமின் வெளியே கசிகிறது. இதனால் நேற்று வரை வயிறார உண்டவருக்கும் பெரிய அறுவை முடிந்த சில மணி நேரங்களிலேயே எண் இறங்கும்.

குளுக்கோஸ், உப்புநீர் ஆகியவற்றை மிகுதியாக ஏற்றினால் இரத்தம் நீர்த்து எண் இறங்கும். உடலில் நீர் வற்றினால், உள்ள சத்தின் அளவு மாறாமலேயே எண் ஏறும். கல்லீரல் நலிந்தவர்களுக்கும், சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உணவு எவ்வாறு இருப்பினும் எண் குறைவாகவே இருக்கும்.

மேலும், இரத்தத்தில் உள்ள ஆல்புமின் பாதியாகக் குறைய ஏறத்தாழ இருபது நாட்கள் ஆகும். ஆகையால் ஒருவர் ஒரு வாரம் சரியாக உண்ணாவிடினும் சீட்டு அதனைக் காட்டாது. ஒரு வாரம் நன்றாக உண்டாலும் காட்டாது.

நம் மாநிலத்தவர் கண்ட உண்மை

இவ்விடத்தில் நம் சேலத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சி.கோபாலன் அவர்களை நினைவுகூர்தல் பொருத்தம். குன்னூரில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958ஆம் ஆண்டு ஐதராபாத்திற்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனத்தை வழிநடத்தியவர் அவர். 2019ஆம் ஆண்டு, நூறு வயதைக் கடந்த நிலையில் மறைந்தார்.

வறுமைப்பட்ட குழந்தைகளிடம் இருவகை நலிவு காணப்பட்டது. சில குழந்தைகளுக்குக் கால்களும் முகமும் வீங்கி, ஆல்புமின் மிகவும் தாழ்ந்திருந்தது. வேறு சிலர் எலும்பும் தோலுமாக இருந்தனர்; அத்தகைய குழந்தைகள் பலரின் ஆல்புமின் அவ்வளவாக இறங்குவதில்லை. முதல் வகைக்குப் புரதக் குறைவும், இரண்டாம் வகைக்கு மொத்த உணவுக் குறைவும் காரணம் எனப் பலர் கருதினர். இவ்விருவகைக் குழந்தைகளும் உண்ட உணவில் வேறுபாடு இல்லை என்றும், பசிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உடலுக்கு உடல் வேறுபடுவதே காரணம் என்றும் 1968ஆம் ஆண்டு கோபாலன் எடுத்துரைத்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எலும்பும் தோலுமான ஒருவரின் சீட்டில் ஆல்புமின் இயல்பாக இருக்கக்கூடும். உடல் தன் தசையைக் கரைத்து அந்த எண்ணைக் காத்து நிற்கிறது. "இரத்தத்தில் எல்லாம் நார்மல்" என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையில், அவர் அறுவையைத் தாங்கும் வலிமையை இழந்திருப்பார். எங்களிடம் வந்த பெரியவரின் எண் தாழ்ந்திருந்ததால் கவனம் பெற்றார். எண் தாழாமல் மெலிந்து போகிறவர் எவர் கவனத்தையும் பெறுவதில்லை.

வேறு புரதங்களும் உண்டு

ஆல்புமின் மெதுவாக மாறுவதால் விரைந்து மாறும் புரதங்களை மருத்துவர்கள் நாடினர். 'பிரீ-ஆல்புமின்' இரண்டு மூன்று நாட்களிலும், இரும்பைச் சுமக்கும் 'டிரான்ஸ்ஃபெரின்' எட்டுப் பத்து நாட்களிலும் பாதியாகக் குறைபவை. ஆயினும் அழற்சி ஏற்பட்டால் இவையும் இறங்கிவிடுகின்றன. சிறுநீரகம் பழுதுபட்டால் பிரீ-ஆல்புமின் ஏறும். இரும்புச்சத்துக் குறைந்தால் டிரான்ஸ்ஃபெரின் ஏறும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. எனவே நம் வீட்டுப் பெண் ஒருவருக்கு ஊட்டம் குறைந்திருந்தும் டிரான்ஸ்ஃபெரின் அதனை மறைத்துவிடக் கூடும்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து, ஆல்புமினும் பிரீ-ஆல்புமினும் அழற்சியைக் காட்டுபவை, ஊட்ட நிலையை அளக்க அவற்றைக் கொள்ளலாகாது என்று அமெரிக்க ஊட்டச்சிகிச்சைச் சங்கமான 'ஆஸ்பென்' 2021ஆம் ஆண்டு வெளியிட்ட நிலைப்பாட்டில் அறிவித்தது. எண் தாழ்ந்திருந்தால் நோய் கடுமையாக உள்ளது என்றும், அத்தகையவருக்கு ஊட்டம் விரைவில் கரையும் என்றும் கொள்ள வேண்டும். அவர் என்ன உண்டார், எவ்வளவு மெலிந்தார் என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

புட்டியில் உள்ளது உணவா?

இருபது விழுக்காடு ஆல்புமின் கொண்ட நூறு மில்லிலிட்டர் புட்டியில் இருப்பது 20 கிராம் புரதம். மூன்று முட்டைகளில் உள்ளதற்கு ஏறத்தாழச் சமம். அதனை ஏற்றினால் சீட்டின் எண் சில நாட்கள் உயரும். ஊட்டக் குறைவு அதனால் நீங்காது. கல்லீரல் நோயில் வயிற்று நீரை மிகுதியாக எடுக்கும்போதும், வேறு சில நிலைகளிலும் அம்மருந்து இன்றியமையாதது. ஆகவே மருத்துவர் எழுதியதை மறுக்குமாறு நாங்கள் சொல்லவில்லை. "இது எதற்காக? உணவாலோ குழாய்வழி ஊட்டத்தாலோ ஈடுசெய்ய இயலுமா?" என்று பணிவுடன் கேளுங்கள் என்கிறோம்.

தராசும் வாய்ச்சொல்லும்

1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அறுவை மருத்துவர் ஹைரம் ஸ்டட்லி, இரைப்பைப் புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் எடையைக் கணக்கிட்டார். நோய்க்கு முந்தைய எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் இழந்தவர்களில் மூவரில் ஒருவர் இறந்தனர். அவ்வளவு இழக்காதவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் மட்டுமே. அவர் பயன்படுத்திய கருவி எடை பார்க்கும் தராசு. நம் பெரியவர் 62இலிருந்து 49க்கு வந்ததும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிய இழப்பே.

இன்றைய கணக்கும் எளிது. ஆறு மாதத்தில் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேல் இழந்தால் கவனம் தேவை. பத்துப் பங்கிற்கு மேல் இழந்தால் கடுமையான நிலை. 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழ் வந்தால் முதல் எச்சரிக்கை. 54க்குக் கீழ் வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் எடை ஏமாற்றும். அப்போது இடுப்பில் நில்லாத கைலி, முழங்கை வரை ஏறும் வளையல், கழன்று விழும் மோதிரம், பள்ளம் விழுந்த கன்னம், மாடிப்படி ஏற முடியாத தளர்ச்சி ஆகியவற்றைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவக் கழகம் 2017ஆம் ஆண்டு வகுத்த வழிகாட்டுதலின்படி, கடும் ஊட்டக் குறைவு உள்ளவருக்கு அவசரமில்லாத பெரிய அறுவையை 7 முதல் 14 நாட்கள் தள்ளிவைத்தேனும் முதலில் ஊட்டம் அளிக்க வேண்டும். கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு 3க்குக் கீழான ஆல்புமினையும் அபாய அடையாளங்களுள் ஒன்றாக அவ்வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. ஆகவே சீட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; எடையோடும் உணவோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு வாரங்கள் கிடைக்க வேண்டுமானால், மெலிந்த செய்தி முதல் நாளே மருத்துவரின் காதுக்கு எட்டியாக வேண்டும்.

பத்தியம் பற்றி

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். தையல் போட்ட உடம்புக்கு முட்டை, மீன், கறி, கடலை ஆகாது, சீழ் பிடிக்கும் என்ற எண்ணம் நம் மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் வட்டாரங்களிலும் வேரூன்றியிருக்கிறது. சீழ் கிருமியால் வருகிறது. கிருமியை எதிர்க்கவும் புதிய தசை வளரவும் புரதம் வேண்டும். அன்பினால்தான் விலக்குகிறோம், ஆனால் புண் ஆறுவதற்கு வேண்டியதையே விலக்கிவிடுகிறோம்.

அறுவை செய்துகொண்டவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் புரதம் தேவை என்பது அவ்வழிகாட்டுதலின் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 75 கிராம். நூறு கிராம் அரிசியைக் கஞ்சியாக்கி நாள் முழுதும் கொடுத்தாலும் சேர்வது ஏழெட்டுக் கிராமே. முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6 கிராம். நூறு கிராம் மீனிலோ கோழிக்கறியிலோ 20 கிராம் அளவு. ஐம்பது கிராம் பாசிப்பயற்றில் 12 கிராம். ஆட்டுக்கால் சூப்பைக் கொடுக்கலாம். ஆனால் அதிலுள்ள புரதம் முழுமையற்றது, அதையே ஓர் உணவாகக் கணக்கிடாதீர்கள்.

அரிசியும் பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி, வெறுங்கஞ்சியினும் பன்மடங்கு மேலானது. ரமலானில் ஊருக்கே காய்ச்சத் தெரிந்த நமக்கு, மற்ற மாதங்களில் ஒரு நோயாளிக்குக் காய்ச்சிக் கொடுப்பது அரிதன்று. குடலில் அறுவை செய்தவர்களுக்கு எந்த நாளில் எதைத் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்வார். சிறுநீரகம், கல்லீரல் நலிந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அளவு வேறுபடும், கேட்டே கொடுங்கள்.

அறுவைக்கு முன் உண்ணாதிருக்கும் நேரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரத்திற்கு முன் வரையிலும், தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மம் இரண்டு மணி நேரத்திற்கு முன் வரையிலும் கொள்ளலாம் என்பது இன்றைய முறை. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரின் சொல்லே முடிவானது. அறுவை மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டால், "இப்போது உணவு கொடுக்கலாமா?" என்று உடனே கேளுங்கள். அவ்வாறு கேட்காமல் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தோரைக் கண்டிருக்கிறோம். அறுவைக்குக் காத்திருக்கும் மெலிந்த நோயாளிகள் ரமலானில் நோன்பு பற்றி மருத்துவரிடமும் இமாம் அவர்களிடமும் கேட்டறிதல் வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையைப் பெறுவதில் தயக்கம் வேண்டாம்.

துணைக்குழுவின் முன்மொழிவுகள்

முதலாவது, மருத்துவ உதவி விண்ணப்பத்தில் இதுவரை ரசீது, குடும்ப அட்டை நகல், பரிந்துரை ஆகியவற்றை மட்டுமே கேட்டு வந்தோம். இனி மூன்று கேள்விகளைச் சேர்க்கிறோம்: ஆறு மாதத்திற்கு முன் எடை எவ்வளவு? இன்று எவ்வளவு? கடந்த ஒரு வாரமாக வழக்கமான உணவில் எவ்வளவு உண்கிறார், முழுதா, பாதியா, கால்பங்கா? விடைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். அதனை மருத்துவரிடம் காட்டுங்கள். உதவித்தொகைக்கும் இவ்விடைகளுக்கும் தொடர்பில்லை. யாருக்கும் தொகை குறையாது.

இரண்டாவது, பள்ளிவாசல் அலுவலகத்தில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வைக்க நிர்வாகத்தின் அனுமதியை வேண்டுகிறோம். நாற்பது வயதைக் கடந்தோர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடை பார்த்து வீட்டில் குறித்து வையுங்கள். பழைய எடை தெரிந்தால்தான் இழந்தது எவ்வளவு என்று தெரியும்.

மூன்றாவது, கோரிப்பாளையத்தை அடுத்த அரசு இராசாசி மருத்துவமனைக்கு மதுரையிலிருந்தும் சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். நம் மஹல்லாவினரோ உறவினரோ அங்கும் பிற மருத்துவமனைகளிலும் படுத்திருக்கும்போது, ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிச் செல்லும் வழக்கம் நமக்குண்டு. இனி மருத்துவர் அனுமதித்திருந்தால் வேகவைத்த முட்டையோ, பருப்பு சேர்த்த கஞ்சியோ, மீன் குழம்புச் சோறோ கொண்டு செல்வோம். சமைத்துக் கொடுக்க முன்வரும் வீடுகளின் பட்டியலை இளைஞர் அணியினர் தயாரிக்கின்றனர்.

இதற்காகும் செலவு, நாம் அன்று வாங்கிக் கொடுத்த புட்டிகளின் விலையை எட்டாது. பணம் திரட்டுவதில் நம் ஜமாஅத் என்றும் பின்வாங்கியதில்லை. அத்துடன், "எவ்வளவு மெலிந்திருக்கிறீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?" என்று காலத்தே கேட்கும் பழக்கத்தையும் கைக்கொள்வோம். இன்று வீடு திரும்பியதும் அலமாரியிலுள்ள பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்து, பெற்றோரின் எடை எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் நாளையே எழுதி வையுங்கள்.